நிஷி-கசாயில் வீடு பார்க்கும் முன், ஸ்டேஷனைப் பாருங்கள்

டோக்கியோவுக்கு வேலைக்கு வரும் நம்மவர்கள் பலர் முதலில் வீடு தேடும் இடம் நிஷி-கசாய். வாடகை விளம்பரங்களில் "ஸ்டேஷனிலிருந்து 8 நிமிட நடை" என்று போட்டிருக்கும். நிமிடத்துக்கு 80 மீட்டர் என்று போடும் கணக்கு அது. சிக்னலில் நிற்பதும், கைக்குழந்தையோடு நடப்பதும் அதில் சேராது. ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.

1979-இல் திறந்த, தூண்கள் மேல் நிற்கும் சின்ன ஸ்டேஷன் இது. டோசாய் லைன் என்னும் மெட்ரோ பாதை ஒன்றுதான் இங்கே வரும், அதிலும் எல்லா ரயிலும் இங்கே நிற்காது. புதிதாக வருபவர்கள் மாட்டிக்கொள்வது இதில்தான். 'கைசொகு' எனப்படும் விரைவு ரயில் தோயோச்சோவை விட்டால் அடுத்து உராயாசுவில்தான் நிற்கும். சாயங்காலம் ஓதெமாச்சியில் முதலில் வந்த ரயிலில் தாவி ஏறினால், நிஷி-கசாய் ஜன்னலுக்கு வெளியே ஓடி மறைவதைப் பார்த்துக்கொண்டே போக வேண்டியதுதான். அப்புறம் உராயாசுவில் இறங்கி, எதிர்ப்பக்க ரயிலில் திரும்பி வர வேண்டும். 'ட்சூகின் கைசொகு' மட்டும் விதிவிலக்கு. பெயரில்தான் விரைவு, உராயாசுவிலிருந்து நகரத்துக்குள் எல்லா ஸ்டேஷனிலும் நின்றுதான் போகும். அதில் தாராளமாக ஏறலாம்.

காலை நெரிசலைப் பற்றி முன்பே சொல்லிவிடுகிறேன். 2019-இல் கிபாவுக்கும் மொன்சென்-நகாச்சோவுக்கும் நடுவே ரயிலின் கொள்ளளவில் 199 சதவீதம் கூட்டம் என்று கணக்கிட்டார்கள். இப்போது அவ்வளவு இல்லை, ஆனாலும் எட்டு மணி ரயிலில் கையைத் தூக்க இடம் இருக்காது. முதுகுப்பையைக் கழற்றி முன்னால் மாட்டிக்கொள்ளுங்கள், போன் சத்தத்தை அணைத்துவிடுங்கள். காலையில் நகரத்தை நோக்கிப் போகும் ரயில்களில் பெண்களுக்கென ஒரு பெட்டி உண்டு.

'தெய்கி' என்னும் சீசன் பாஸை அவசரப்பட்டு வாங்காதீர்கள். பெரும்பாலான கம்பெனிகள் போக்குவரத்துச் செலவைத் தரும், ஆனால் எந்த வழி என்று அலுவலகம் ஒப்புக்கொள்ள வேண்டும். அதைக் கேட்டுவிட்டு, கேட்டில் தொட்டுப் போகும் பாஸ்மோ என்ற பயண கார்டில் ஏற்றிக்கொள்ளுங்கள். மாதாமாதம் வாங்குவதைவிட ஆறு மாதத்துக்கு எடுத்தால் மிச்சம். பாஸ் போகும் வழியில் நடுவில் எந்த ஸ்டேஷனிலும் இறங்கிக் காய்கறி வாங்கலாம், கூடுதல் காசு கிடையாது. ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாதிக் கட்டணம், அதற்குப் பிறந்த தேதிச் சான்றோடு குழந்தைகள் கார்டு வாங்க வேண்டும்.

ரயில் தாமதமானால் தாமதச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள், அலுவலகத்தில் செல்லும். ரயிலில் எதையாவது மறந்துவிட்டால் கேட் அருகே உள்ள ஊழியரிடம் ஏறிய நேரத்தையும் எத்தனையாவது பெட்டி என்பதையும் சொல்லுங்கள். கிடைத்த பொருள் பிறகு இதாபாஷி ஸ்டேஷனில் உள்ள மையத்துக்குப் போய்விடும்.

சைக்கிளைச் சாலையோரம் விடவே விடாதீர்கள். தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள், மீட்கக் காசு கட்ட வேண்டும். கட்டண நிறுத்தத்தில் மாதக் கணக்கில் இடம் கிடைக்குமா என்று குடிவந்த வாரமே கேட்டு வையுங்கள்.