16-வது கிலோமீட்டரில் இறுகிய கெண்டைக்கால்

புதுச்சேரியில் என் முதல் அரை மாரத்தான், 21.1 கிலோமீட்டர். பதினாறைத் தாண்டும்போது இடது கெண்டைக்கால் கல் மாதிரி இறுகிவிட்டது. சாலையோரம் உட்கார்ந்து கால் பெருவிரலை என் பக்கம் இழுத்துப் பிடித்தேன். தோலுக்கடியில் தசை துடிப்பது கண்ணுக்கே தெரிந்தது. மிச்ச தூரம் நடைதான்.

பயிற்சி போதவில்லை என்றே நினைத்தேன். பனியனைக் கழற்றியபோது முதுகெல்லாம் வெள்ளை உப்புக்கோடு. கடற்கரைக் காற்றில் ஈரம் அதிகம். வியர்வை உலராமல் வழிந்துகொண்டே இருக்கும், உடம்பும் குளிராது. நான் வெறும் தண்ணீர் குடித்துக்கொண்டு, சேலத்தில் ஓடும் அதே வேகத்தில் ஓடியிருக்கிறேன்.

சரி, கணக்குப் பார்க்கலாம் என்று, எதுவும் குடிக்காமல் ஒரு மணி நேரம் ஓடி, முன்னும் பின்னும் எடை பார்த்தேன். 1.2 கிலோ குறைவு. ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் வியர்வை. அப்புறம் ஒரு லிட்டர் தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்பு, ஆறு டீஸ்பூன் சர்க்கரை, கொஞ்சம் எலுமிச்சை கலந்து, நீண்ட ஓட்டங்களில் வாய் வாயாகக் குடித்துப் பழகினேன். (ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.) முதல் 5 கிலோமீட்டரை, கிலோமீட்டருக்கு 30 விநாடி மெதுவாக ஓடினேன். காலைக் காப்பாற்றியது எதுவென்று கேட்டால், இந்த நிதானத்தைத்தான் முதலில் சொல்வேன்.

அடுத்த முறை கடற்கரைச் சாலையில் காந்தி சிலையைக் கடந்தபோதும் ஓடிக்கொண்டுதான் இருந்தேன்.