காலநிலை மாற்றத்தில் கட்சிகள் எப்படிப் போட்டி போடுகின்றன? ஆராயத் தொடங்குபவர்களுக்கு

"எந்தக் கட்சி காலநிலைக்கு நல்லது?" என்பது மேடைக் கேள்வி. ஆய்வுக்கு வேறு கேள்வி வேண்டும்: ஒரு கட்சி இதைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் மற்றவை என்ன செய்தன?

படி 1: எல்லையைக் குறுக்குங்கள்
ஒரு நாடு, இரண்டு மூன்று கட்சிகள், நான்கைந்து தேர்தல்கள். ஆரம்பத்துக்கு இதுவே அதிகம்.

படி 2: வகைகளை முடிவு செய்யுங்கள்
சிறு கட்சி ஒன்று புதிய பிரச்சினையோடு வரும்போது பெரிய கட்சிகளுக்கு மூன்று வழிகள் உண்டு என்று அரசியல் ஆய்வாளர் போனி மெகிட் 2005இல் எழுதினார்: கண்டுகொள்ளாமல் விடுவது, அதே நிலைப்பாட்டைத் தானும் எடுப்பது, நேரெதிராக நிற்பது. இந்த மூன்றையே எடுத்துக்கொள்ளலாம். மௌனமும் ஓர் உத்திதான். அதனால் ஒரு கட்சி வாயே திறக்கவில்லை என்றால் உங்கள் அட்டவணையில் அந்தக் கட்டத்தைக் காலியாக விடாமல் 0 என்று எழுதுங்கள்.

படி 3: தேர்தல் அறிக்கைகளை எண்ணுங்கள்
பெர்லினில் இயங்கும் மேனிஃபெஸ்டோ ப்ராஜெக்ட் என்ற ஆய்வுத் திட்டம் பல நாடுகளின் தேர்தல் அறிக்கைகளை வாக்கியம் வாக்கியமாகப் பிரித்து, ஒவ்வொன்றும் எதைப் பற்றியது என்று எண்ணால் குறியிட்டு இலவசமாகத் தருகிறது. அதில் 501 என்பது சுற்றுச்சூழல் பாதுகாப்புக்கான குறியீடு. சிக்கல் என்னவென்றால், காடு, விலங்கு, காலநிலை எல்லாம் அந்த ஒரே பெட்டிக்குள் கிடக்கின்றன. எனவே 501ஐ முதல் சல்லடையாக மட்டும் வைத்துக்கொண்டு, காலநிலை வாக்கியங்களை நீங்களே படித்துப் பிரிக்க வேண்டும். அலுப்பான வேலைதான், ஆனால் ஆய்வே இங்குதான் நடக்கிறது.

எக்செலில் இரண்டு பத்திகள் போடுங்கள். ஒன்றில் மொத்த வாக்கியங்களில் காலநிலை எத்தனை சதவீதம், மற்றொன்றில் ஆதரவா எதிர்ப்பா. இரண்டையும் கலக்காதீர்கள். நிறையப் பேசும் கட்சி கடுமையாக எதிர்ப்பதற்காகவும் பேசலாம்.

படி 4: வாக்கெடுப்போடு ஒப்பிடுங்கள்
இங்கே அவசர முடிவு ஆபத்து. 2009இல் ஆஸ்திரேலிய நாடாளுமன்ற மேலவையான செனட்டில், லேபர் அரசின் கார்பன் உமிழ்வு வர்த்தக மசோதா (உமிழ்வுக்கு உச்சவரம்பு வைத்து, அதற்கான அனுமதிகளை வாங்கி விற்கும் திட்டம்) தோற்றது. எதிர்த்து வாக்களித்தவர்களில் பசுமைக் கட்சியும் இருந்தது! மசோதா போதுமான அளவு வலுவாக இல்லை என்பது அவர்கள் வாதம். அதே பிரச்சினையில் உட்கட்சிச் சண்டை முற்றி, எதிர்க்கட்சியான லிபரல் கட்சியின் தலைமையை மால்கம் டர்ன்புல் ஒரே வாக்கில் டோனி அபாட்டிடம் இழந்தார். 2012இல் லேபர் ஆட்சியில் அமலுக்கு வந்த கார்பன் விலையை (உமிழ்வுக்கு நிறுவனங்கள் கட்ட வேண்டிய தொகை) 2014இல் அபாட் அரசு ரத்து செய்தது. 'எதிர்த்தார்' என்று மட்டும் பதிந்திருந்தால் பசுமைக் கட்சியும் அபாட்டும் ஒரே வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். ஏன் எதிர்த்தார்கள் என்பதற்கு நாடாளுமன்ற உரைகளைப் படித்தே ஆக வேண்டும்.

போட்டி எப்போதும் கீழ்நோக்கி இழுக்கும் என்றும் நினைக்க வேண்டாம். பிரிட்டனில் 2008 காலநிலைச் சட்டத்தை லேபர் அரசு கொண்டுவந்தபோது, எதிர்க்கட்சியான கன்சர்வேட்டிவ்களும் ஆதரித்தார்கள். 2050க்குள் உமிழ்வில் 80 சதவீதக் குறைப்பு என்ற அதன் இலக்கை 2019இல் நிகர பூஜ்யமாக (வெளியிடும் அளவையே திரும்ப அகற்றும் நிலை) உயர்த்தியது கன்சர்வேட்டிவ் அரசுதான்.

படி 5: இன்னொருவரிடம் கொடுங்கள்
இருபது முப்பது வாக்கியங்களை உங்கள் விதிகளோடு ஒரு நண்பரிடம் கொடுத்து, உங்கள் விடையைக் காட்டாமல் குறியிடச் சொல்லுங்கள். இருவரும் நிறைய இடங்களில் வேறுபட்டால் நண்பரைத் திருத்தாதீர்கள், விதியைத் திருத்துங்கள். அப்புறம் மிச்ச அறிக்கைகளுக்குப் போகலாம்.