போர் கிட் மாற்றிய ஸ்கூட்டரில் டைமிங் கோளாறைச் சரிசெய்யும் முறை

சிறிய ஃபோர் ஸ்ட்ரோக் ஸ்கூட்டர் என்ஜினில் போர் கிட் எனப்படும் பெரிய பிளாக் (சிலிண்டர்), பிஸ்டன் ஆகியவற்றையும் புதிய கேமையும் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) பொருத்திய பிறகு வண்டி ஸ்டார்ட் ஆக மறுத்தாலோ, கார்பரேட்டர் வழியாக வெடித்தாலோ, கிக்கர் காலைத் திருப்பி உதைத்தாலோ, பலரும் முதலில் கார்பரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் ஜெட்டைத்தான் மாற்றிப் பார்க்கிறார்கள். டைமிங் சரியென்று உறுதியாகும் வரை கார்பரேட்டரைத் தொடாதீர்கள். வால்வுகளின் நேரத்தைச் செயினும் கேமும் தீர்மானிக்கின்றன. தீப்பொறியின் நேரத்தை, கிராங்கோடு சுழலும் மேக்னெட்டும், அதன் நிலையை உணரும் பிக்கப் காயிலும், தீப்பொறியைத் தூண்டும் மின்னணுப் பெட்டியான சிடிஐயும் தீர்மானிக்கின்றன. இவற்றில் முதலாவதைச் சரிபார்த்த பின்னரே இரண்டாவதற்குப் போக வேண்டும்.

என்ஜின் நன்கு ஆறியதும் ஸ்பார்க் பிளக்கையும் ஹெட் கவரையும் கழற்றி, மேக்னெட்டை இயல்பான சுழற்சித் திசையில் கையால் மெதுவாகத் திருப்பி, பிஸ்டன் உச்சியில் இருப்பதைக் காட்டும் ‘டி’ (T) குறியை என்ஜின் உடலிலுள்ள குறியோடு பொருத்துங்கள். அப்போது வால்வுகளை அழுத்தும் இரண்டு ராக்கர்களும் சற்றே தளர்ந்து ஆட வேண்டும். அவை இறுக்கமாக இருந்தால் பிஸ்டன் எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக்கின் முடிவில் நிற்கிறது என்று பொருள்; இன்னும் ஒரு முழுச் சுற்றுத் திருப்புங்கள். புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான்.

இனி கேமின் முனையில் செயின் ஓடும் பற்சக்கரமான கேம் ஸ்ப்ராக்கெட்டைப் பாருங்கள். பல சிறிய ஸ்கூட்டர்களில் உள்ள ஜிஒய்6 (GY6) வகை என்ஜினில் பெரிய துளை பிஸ்டனுக்கு எதிர்ப்புறமாக வெளிநோக்கியும், இரண்டு சிறிய துளைகள் ஹெட்டின் விளிம்புக்கு இணையாகவும் அமைய வேண்டும். 34 பற்கள் கொண்ட ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் தவறினால் கேம் ஏறத்தாழ 10.6 பாகை விலகும். கிராங்க் கணக்கில் அது 21 பாகைக்கு மேல். எனவே வண்டி முரண்டு பிடிப்பதில் வியப்பில்லை. விலகல் அரைப் பல்லுக்கும் குறைவாக இருந்தால், புதிய கேஸ்கெட்டின் தடிமன் மாறியதால் ஹெட் சற்று உயர்ந்தோ தாழ்ந்தோ இருக்கக்கூடும். அதற்காகச் செயினை ஒரு பல் நகர்த்தினால் நிலைமை மோசமாகும். கேஸ்கெட்டைத்தான் சரிசெய்ய வேண்டும்.

ஒரு முழுப் பல் தவறியிருந்தால், செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரைக் கழற்றி, ஸ்ப்ராக்கெட்டை விடுவித்து, குறிகள் பொருந்துமாறு செயினை மாற்றிப் போடுங்கள். டென்ஷனரை மீண்டும் பொருத்தும்போது அதன் தண்டை முழுமையாக உள்ளிழுத்து, போல்ட்டுகளை இறுக்கிய பிறகே விடுவிக்க வேண்டும். பின்னர் மேக்னெட்டைக் கையால் இரண்டு முழுச் சுற்றுகள் திருப்பிக் குறிகளை மறுபடி பாருங்கள். நடுவில் கெட்டியாக ஏதேனும் தடுத்தால், வால்வு பிஸ்டனில் முட்டுகிறது என்றே கொள்ளுங்கள். எக்காரணம் கொண்டும் பலம் கொடுத்துத் திருப்பவோ ஸ்டார்ட் செய்யவோ வேண்டாம். தடையில்லை என்றால், தயாரிப்பாளர் கையேடு சொல்லும் டேப்பெட் இடைவெளியை (ராக்கருக்கும் வால்வுக்கும் இடையிலானது) ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்துவிட்டு ஹெட் கவரை மூடலாம்.

அடுத்தது தீப்பொறி. தீப்பொறி விழும்போதெல்லாம் மின்னும் டைமிங் லைட்டைப் பிளக் வயரில் மாட்டி, ஐடிலிங்கில், தீப்பொறி விழ வேண்டிய இடத்தைக் காட்டும் மேக்னெட்டின் ‘எஃப்’ (F) குறி உடலிலுள்ள குறியோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தவில்லையெனில் மேக்னெட்டைக் கழற்றி, கிராங்க் முனையில் மேக்னெட்டைச் சரியான நிலையில் பூட்டும் சிறிய உலோகத் துண்டான கீ நசுங்கியோ அறுந்தோ இருக்கிறதா என்று சோதியுங்கள், ஏனெனில் இவ்வகை என்ஜின்களில் பிக்கப் காயில் நிலையாகப் பொருத்தப்பட்டிருப்பதால் அதை நகர்த்திச் சரிசெய்ய வழியில்லை. கீ நன்றாக இருந்தும், லோடு ஏறும்போது டிக்டிக் என்ற உலோக ஒலி கேட்டால், கூடிய கம்ப்ரெஷனுக்குத் தீப்பொறி மிக முன்னதாக விழுகிறது என்றே முதலில் சந்தேகியுங்கள். ரேசிங் சிடிஐ மாட்டியிருந்தால் அதைக் கழற்றிவிட்டுப் பழைய சிடிஐயையே மாட்டி ஓட்டிப் பாருங்கள்.