சாப்பிடும்போது தாடைக்கடியில் வீங்கினால்

இலையில் மாங்காய்ப் பச்சடி விழுந்ததும் தாடைக்கடியில் ஒரு பக்கம் மட்டும் விண்ணென்று தெறித்து, நெல்லிக்காய் அளவுக்கு வீங்கி, கை கழுவிய ஓரிரு மணி நேரத்தில் தானாக வடிந்துவிட்டால், அது பெரும்பாலும் உமிழ்நீர்க் குழாயில் கல் அடைத்ததன் அறிகுறி. எங்கள் காரைக்குடிப் பக்கத்தில் ஆச்சிமார் இதையும் பொன்னுக்கு வீங்கி என்றெண்ணித் தங்கச் சங்கிலியை எடுத்துப் போடுவார்கள். பொன்னுக்கு வீங்கியோ காய்ச்சலோடு காதோரம் வீங்கிப் பல நாள் நிற்கும். வேளைக்கு வேளை ஏறி இறங்காது. ஆகவே, வீக்கம் வரும் நேரத்தைக் குறித்துக்கொள்வதே முதல் வேலை.

இத்தகைய கற்களில் ஏறக்குறைய 80 சதவீதம் தாடைக்கடிச் சுரப்பியில்தான் உண்டாகின்றன. அதன் எச்சில் கெட்டியானது, சுண்ணாம்புச் சத்து மிகுந்தது. சுமார் 5 சென்டிமீட்டர் நீளமுள்ள குழாயில் மேல்நோக்கி ஏறி நாக்கடியில் வந்து சேர வேண்டியிருப்பதால் வழியில் தேங்குகிறது. சித்திரை வெயிலில் தண்ணீர் குறைவாகக் குடிப்பவர்களும், சளி மாத்திரையோ சிறுநீர் பெருக்கும் மாத்திரையோ உட்கொள்பவர்களும் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அதற்காக, மருத்துவரைக் கேளாமல் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது.

கையை நன்றாகக் கழுவி, கண்ணாடி முன் நாக்கைத் தூக்கி, டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு கையின் ஆள்காட்டி விரலை நாக்கடியிலும் மறு கை விரல்களைத் தாடைக்கடியிலும் வைத்துப் பின்னிருந்து முன்னாக மெல்லத் தடவினால், சிலருக்கு அரிசி மணி போலக் கல் தட்டுப்படும். ஊசி, பல்குச்சி எதனாலும் குத்தக் கூடாது. சீழ் வந்தால் தடவுவதை நிறுத்திவிட வேண்டும்.

காய்ச்சலோ சீழோ இல்லாதபோது நிறையத் தண்ணீர் குடித்து, வெதுவெதுப்பான துணி ஒத்தடம் கொடுத்து, எலுமிச்சைத் துண்டையோ நெல்லிக்காயையோ வாயில் அடக்கி எச்சிலை ஊறவிட்டு, சுரப்பியைப் பின்னிருந்து முன்னாக நீவிவிட்டால் சிறு கல் தானே வெளியேறக்கூடும். புளிப்பால் வலி கூடினால் அதை விட்டுவிடுங்கள்.

சில நாட்களில் தணியாவிட்டால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் செல்ல வேண்டும். அவர் ஸ்கேன் எடுத்துக் கல்லின் இடத்தையும் அளவையும் அறிவார். வாய்க்கு அருகிலுள்ள கல்லை மரத்துப்போகும் ஊசி போட்டுக் கீறி எடுப்பார்கள். உள்ளே கிடக்கும் சிறு கல்லை மெல்லிய எண்டோஸ்கோப் வழியாக எடுக்கலாம். சுரப்பியையே அகற்றுவது கடைசி வழி.

காய்ச்சல், வாய் திறக்க முடியாமை, நாக்கடி வீங்கி விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் ஆகியவை கண்டால் ஒத்தடத்தில் நேரம் கடத்தாமல் 108-ஐ அழையுங்கள். சாப்பாட்டோடு தொடர்பின்றி, வலியே இல்லாமல் நிலைத்து நிற்கும் கட்டியானால், குறிப்பாகப் புகையிலை போடுபவர்கள், அது புற்றுநோய்க் கட்டியா என்பதை உடனே சோதித்தறிய வேண்டும்.