பெங்களூரில் வாடகை வீடு: அட்வான்ஸ் கொடுக்கும் முன் தண்ணீரை அளந்து பாருங்கள்

வீடு பார்க்கப் போகும்போது எல்லோரும் கேட்கும் கேள்வி, ‘தண்ணி வருமா?’ ஓனர் சொல்லும் பதில், ‘இருபத்துநாலு மணி நேரமும் வரும்.’ அது பெரும்பாலும் பொய்யில்லை. டேங்கில் தண்ணீர் இருக்கும். ஆனால் மூன்றாவது மாடி பாத்ரூமில், காலை ஏழரை மணிக்கு, நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர் வருகிறது என்பது வேறு கேள்வி. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது, அளந்துதான் பார்க்க வேண்டும்.

இந்த ஊர் ஏற்பாட்டை முதலில் புரிந்துகொள்ளுங்கள். காவிரித் தண்ணீர் சுமார் 100 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தொரேகாடனஹள்ளியிலிருந்து பம்ப் செய்யப்பட்டு மேடேறி வருகிறது. பெரும்பாலான தெருக்களில் குறிப்பிட்ட நாட்களில், சில மணி நேரம் மட்டும். அது தரைக்கடியில் உள்ள தொட்டியில், அதாவது சம்ப்பில் விழும், மோட்டார் போட்டு மொட்டைமாடி டேங்குக்கு ஏற்றுவார்கள், அங்கிருந்து தன் எடையால் கீழே இறங்கும். காவிரி எட்டாத இடத்தில் போர் தண்ணீரோ டேங்கர் தண்ணீரோ அதே சம்ப்பில் விழும். ஆகவே உங்கள் ஷவரின் வேகத்துக்கும் தெருக் குழாயின் அழுத்தத்துக்கும் சம்பந்தமில்லை. டேங்க் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, குழாய் எவ்வளவு திறந்திருக்கிறது, இந்த இரண்டுதான் கணக்கு.

அழுத்தம் வேறு, ஓட்டம் வேறு. குழாயை மூடியிருக்கும்போது தண்ணீர் எவ்வளவு தள்ளுகிறது என்பது அழுத்தம். திறந்தால் நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர் வருகிறது என்பது ஓட்டம். ஒன்று நன்றாக இருந்து மற்றது படுமோசமாக இருக்கலாம். பிளம்பரிடம் ‘ப்ரெஷர் இல்லை’ என்று மட்டும் சொன்னால் அவர் நேராக, அழுத்தத்தைக் கூட்டும் பூஸ்டர் பம்ப் விலை சொல்வதற்குக் காரணம் இதுதான்.

ஓட்டத்தை அளக்க ஒரு பக்கெட்டும் மொபைலும் போதும். பக்கெட்டில் அச்சடித்திருக்கும் லிட்டர் கணக்கு விளிம்பு வரைக்குமானது, நம்ப வேண்டாம். ஒரு லிட்டர் பாட்டிலால் பத்து முறை ஊற்றி, 10 லிட்டர் மட்டத்தில் மார்க்கரால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். குழாயை முழுக்கத் திறந்து, கோடு வரும்வரை எத்தனை வினாடி என்று பாருங்கள். 600-ஐ அந்த வினாடியால் வகுத்தால் நிமிஷத்துக்கு இத்தனை லிட்டர். 60 வினாடியில் நிறைந்தால் 10 லிட்டர், நல்ல வீடு. 120 வினாடி என்றால் 5 லிட்டர், பக்கெட் குளியலுக்குச் சமாளிக்கலாம். 200 வினாடியைத் தாண்டினால் ஒரு ஆள் குளிக்கும் 16 லிட்டர் பக்கெட் நிறைய ஐந்து நிமிஷத்துக்கு மேல் ஆகும். நாலு பேர் உள்ள குடும்பத்துக்கு அது தினமும் சண்டை.

சமையலறைக் குழாயில் மட்டும் அளந்துவிட்டு வராதீர்கள். 2024 மார்ச் தண்ணீர்ப் பஞ்சத்தின்போது அபார்ட்மென்ட்களிலும் வணிகக் கட்டடங்களிலும் குழாய்களுக்கு ஏரேட்டர் (குழாய் வாயில் மாட்டி, காற்றைக் கலந்து ஓட்டத்தைக் குறைக்கும் சல்லடை) கட்டாயம் என்று குடிநீர் வாரியம் உத்தரவிட்டது. ஏரேட்டர் போட்ட குழாயில் ஓட்டம் குறைவாகத்தான் இருக்கும், அது குறையில்லை. பாத்ரூமில் பக்கெட் பிடிக்கும் குழாயில் அளக்க வேண்டும். முடிந்தால் காலை ஏழு, எட்டு மணிக்குப் போங்கள். மத்தியானம் மூன்று மணிக்குக் கட்டடமே காலியாக இருக்கும், எல்லாக் குழாயும் கொட்டும்.

அழுத்தத்துக்குக் கணக்கு எளிது: 10 மீட்டர் உயரத் தண்ணீர் ஏறக்குறைய 1 பார் (அழுத்தத்தின் அலகு), அதாவது அழுத்தம் காட்டும் கேஜில் 1 கிலோ. மேல்தளத்தில் ஷவர் தரையிலிருந்து 2 மீட்டர், தளத்தின் உயரம் 3 மீட்டர், அதற்கு மேல் டேங்க் ஸ்டாண்ட் 1 மீட்டர் என்றால், டேங்கின் அடிக்கும் ஷவருக்கும் இடையே 2 மீட்டர்தான். 0.2 பார். அதே கட்டடத்தில் மூன்று மாடி கீழே, தரைத்தளத்தில் 1.1 பார். மேல்தளத்தில் டேங்க் நிறைந்திருக்கும்போது ஒரு மாதிரியும், காலியாகும் நேரத்தில் வேறு மாதிரியும் வருவது இதனால்தான். டேங்குக்குள் இருக்கும் ஒரு மீட்டர் தண்ணீரே அங்கே பெரிய பங்கு.

அளந்தே பார்க்க வேண்டும் என்றால், கொத்தனார் மட்டம் பார்க்கப் பயன்படுத்தும் உள்ளே தெரியும் ட்யூப்பைப் பத்து மீட்டர் வாங்குங்கள். வாஷிங் மெஷின் குழாயின் நிப்பிளில் செருகிக் கிளிப் போடுங்கள். மறுமுனையை ஜன்னல் வழியாக மொட்டைமாடிக்குக் கொண்டுபோய்த் தூக்கிப் பிடித்து, குழாயை மெதுவாகத் திறந்து, தண்ணீர் வழியாமல் நிற்கும் உயரம் வரை ஏற்றுங்கள். குழாயிலிருந்து அந்த மட்டம் வரை நேர் உயரத்தை டேப்பால் அளந்தால் அதுதான் உங்கள் அழுத்தம். ட்யூப்பில் காற்றுக் குமிழ் நின்றால் அளவு தப்பாகும், ஒருமுறை வழியவிட்டுப் பிறகு தூக்குங்கள். மேல்தளத்தில் மட்டும்தான் இது நடக்கும். கீழ்த் தளங்களில் ட்யூப் எட்டாது, அங்கே கேஜ்தான். கடையில் சும்மா கேட்டால் 0–7 கிலோ கேஜைக் கொடுப்பார்கள். அதில் 0.2 பாருக்கு முள் அசைந்ததா இல்லையா என்றே தெரியாது. 0–2 கிலோ கேட்டு வாங்குங்கள்.

கேஜை மாட்டியபடி பக்கத்துக் குழாயைத் திறப்பது முக்கியமான சோதனை. மூடியிருக்கும்போது நல்ல அளவு காட்டி, திறந்ததும் சரிந்து விழுந்தால் உயரம் போதும், வழியில் அடைப்பு. ஆங்கிள் காக் (சுவர் இணைப்பைத் திறந்து மூடும் சிறிய வால்வு) பாதி மூடியிருக்கலாம், பழைய இரும்புக் குழாய் உள்ளே உப்புப் படிந்து சுருங்கியிருக்கலாம், அரை இஞ்ச் குழாய் ஒன்றே மூன்று பாத்ரூமுக்குப் போகலாம். மூடியிருக்கும்போதே குறைவு என்றால் உயரம்தான் பிரச்சினை. ஓட்டத்தை இரட்டிப்பாக்க அழுத்தம் நாலு மடங்கு வேண்டும். 2 மீட்டர் உயர வித்தியாசம் இருக்கும் இடத்தில் டேங்கை இன்னொரு மீட்டர் தூக்கினால் ஓட்டம் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் கூடும். அதனால் ‘டேங்கை ஏத்திடறேன் சார்’ என்ற வாக்குறுதியை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். முக்கால் இஞ்ச் குழாய் போட்டுத் தருவதாகச் சொன்னால் யோசிக்கலாம்.

இன்ஸ்டன்ட் கீசரும் இதே கணக்கில் மாட்டும். 3 கிலோவாட் கீசர், நிமிஷத்துக்கு 2 லிட்டர் ஓடினால் சுமார் 21 டிகிரி சூடேற்றும். 1 லிட்டர்தான் ஓடினால் 43 டிகிரி. தண்ணீர் கொதிக்கக் கொதிக்க வந்து, சூடு மிஞ்சினால் கரண்டை நிறுத்தும் கட்அவுட் விழும். கீசர் கெட்டுவிட்டது என்று மெக்கானிக்கைக் கூப்பிடுவதற்கு முன் பக்கெட்டை எடுங்கள்.

இனி ஃப்ளஷ். தொட்டி வைத்த ஃப்ளஷுக்கு மொட்டைமாடி அழுத்தம் தேவையே இல்லை, தொட்டியில் உள்ள தண்ணீர் மொத்தமாக விழுவதுதான் வேலை செய்கிறது. அழுத்தம் குறைந்தால் மறுபடி நிறைய நேரமாகும், அவ்வளவே. தொட்டியில்லாமல், சுவரில் அழுத்தும் ஃப்ளஷ் வால்வு மட்டும் இருக்கும் வீடுதான் ஆபத்து. அதற்குக் குறைந்தது அரை பார் வேண்டும். மேல்தளத்தில் அது இருந்தால் வீட்டை விட்டுவிடுங்கள், அல்லது தொட்டி மாட்டித் தரச் சொல்லுங்கள்.

தொட்டி எவ்வளவு விடுகிறது என்று பார்க்க: நிறைந்ததும் ஆங்கிள் காக்கை மூடி, நீர்மட்டத்தில் கோடு போட்டு, முழு ஃப்ளஷ் அழுத்துங்கள். மூடியைத் திறந்து பாட்டிலால் ஊற்றி அதே கோடு வரை நிரப்புங்கள். இப்போதைய தொட்டிகள் 6 லிட்டர், பாதி ஃப்ளஷ் 3 லிட்டர். பழைய கோப்பைகள் 10 லிட்டருக்குச் செய்தவை. அதன்மேல் புதிய 6 லிட்டர் தொட்டியை மாட்டியிருந்தால் இரண்டு முறை அழுத்தியாக வேண்டும். 4 லிட்டர்தான் வருகிறதென்றால் யாரோ மிதவையை இறக்கியிருப்பார்கள், ஓவர்ஃப்ளோ குழாயின் வாய்க்கு இரண்டு சென்டிமீட்டர் கீழே வரை ஏற்றிவிடுங்கள்.

கோப்பையில் முதலில் அரை பக்கெட், பிறகு 10 லிட்டரை வேகமாக ஒரே ஊற்றாக ஊற்றிப் பாருங்கள். ‘கபக்’ என்று இழுத்துக்கொண்டால் லைன் சரி. விளிம்பு வரை ஏறி மெதுவாக இறங்கினால் அடைப்பு, எந்தப் பம்பும் அதைத் தீர்க்காது. ஊற்றும்போது பாத்ரூம் தரைச் சல்லடையில் ‘களக் களக்’ சத்தம் கேட்டால் கழிவு லைனின் காற்றுக் குழாய் அடைந்திருக்கலாம், நாற்றம் பின்னாலேயே வரும்.

பெரிய அபார்ட்மென்ட்களில் ஃப்ளஷுக்குச் சுத்திகரித்த கழிவுநீர் தனிக் குழாயில் வரும். லேசான மஞ்சள் நிறமும் வாசனையும் அதன் அடையாளம். அதில் தவறில்லை. ஆனால் சில பிளம்பர்கள் வசதிக்காக ஃப்ளஷ் தொட்டியின் ஆங்கிள் காக்கிலிருந்தே ஹெல்த் ஃபாசெட்டுக்கும் (கழுவும் கை ஸ்ப்ரே) லைன் எடுத்துவிடுவார்கள். சுவரில் தொட்டியின் காக்குக்குப் பக்கத்தில் ஹெல்த் ஃபாசெட்டுக்குத் தனி இணைப்பு இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். ஒரே இணைப்பு என்றால், எந்தத் தண்ணீர் என்று மேனேஜரிடம் கேட்டு உறுதி செய்யும்வரை அதைத் தொடாதீர்கள்.

போர் தண்ணீர் வீட்டில் ஓட்டம் மாதாமாதம் குறைந்துகொண்டே போகும். ஏரேட்டர், ஷவர் முகம், ஹெல்த் ஃபாசெட் வாய் மூன்றையும் கழற்றி இரவு முழுக்க வினிகரில் போட்டால் வெள்ளை உப்பு கரையும். டேங்க் காலியாகி மறுபடி நிறைந்த பிறகு ஒரு குழாயில் மட்டும் சொட்டினால் அது காற்றடைப்பு, எல்லாக் குழாயையும் பத்து நிமிஷம் திறந்துவிடுங்கள்.

பூஸ்டர் பம்ப் வைப்பதென்றால் மொட்டைமாடி டேங்கிலிருந்து இறங்கும் குழாயில் மட்டும். தெருக் காவிரிக் குழாயில் மோட்டாரை நேரடியாக மாட்டி உறிஞ்சுவதற்குத் தடை இருக்கிறது. உறிஞ்சும்போது குழாய் விரிசல் வழியாகச் சாக்கடையும் சேர்ந்து வரும்.

வால்வு திறக்கும் ஆளிடம் ‘நீரு யாவாக பருத்தே?’ என்று கேட்டால் காவிரி வரும் நாளும் நேரமும் சொல்வார். ‘ப்ரெஷர் கம்மி’ என்பதைக் கன்னடத்திலும் அப்படியேதான் சொல்வார்கள். தெருவில் சாக்கடை எதிர்த்து வந்தாலோ காவிரியில் நாற்றம் அடித்தாலோ குடிநீர் வாரியத்தின் எண் 1916.