செல்ஃப் எடுக்காத கார்: கோளாறு எங்கே என்று கண்டுபிடிப்பதும், மோட்டாரைக் கழற்றி மாட்டுவதும்

சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரு சத்தம், அதற்குமேல் ஒன்றுமில்லை. உடனே “செல்ஃப் போச்சு, புதுசு போட்டுடலாம்” என்று முடிவு கட்டிவிடுவது வழக்கம். இப்படிக் கழற்றப்படும் செல்ஃப் மோட்டார்களில் (இன்ஜினை முதலில் சுற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டார்) பல, மேசையில் வைத்து பேட்டரி கொடுத்ததும் சீறிக்கொண்டு சுற்றும். கோளாறு டெர்மினலில் இருந்திருக்கும், அல்லது எர்த் ஒயரில். அதனால் கீழே உள்ளவற்றில் முதல் பாதிக்கு மல்டிமீட்டர் மட்டும் போதும், ஸ்பானர் வேண்டாம்.

சாவியில் ஸ்டார்ட் ஆகும், கியர் மாற்றி ஓட்டும் 12 வோல்ட் பெட்ரோல் கார்களை மனதில் வைத்துச் சொல்கிறோம்: ஆல்டோ, வேகன் ஆர், சான்ட்ரோ, ஐ10 போன்றவை. டீசலிலும் முறை இதுதான், இழுக்கும் கரண்ட் மட்டும் அதிகம். ஹைபிரிட் கார்களுக்கு இது பொருந்தாது.

உள்ளே என்ன நடக்கிறது

மோட்டாரின் முதுகில் சின்ன உருளை மாதிரி ஒட்டிக்கொண்டிருப்பது சோலினாய்டு. அதில் மூன்று முனைகள். பேட்டரியிலிருந்து நேராக வரும் தடித்த ஒயர் ஏறுவது 30. சாவியிலிருந்து ரிலே வழியாக வரும் மெல்லிய ஒயர் 50. மூன்றாவது, மோட்டாருக்குள் இறங்கும் முனை.

சாவியைத் திருப்பியதும் 50-க்கு 12 வோல்ட் வருகிறது. சோலினாய்டுக்குள் இருக்கும் இரும்புத் தண்டு இழுபடுகிறது. அது ஒரு கவையைத் தள்ள, பென்டிக்ஸ் பல்சக்கரம் வெளியே வந்து, இன்ஜினோடு சுற்றும் பெரிய சக்கரமான ஃபிளைவீலின் பல்லில் கோத்துக்கொள்கிறது. அதே தண்டின் மறுமுனையில் உள்ள செம்புத் தகடு, 30-ஐயும் மோட்டார் முனையையும் இணைக்கிறது. அந்த நொடியில் சிறிய பெட்ரோல் காரில்கூட 100 ஆம்பியரைச் சுற்றியோ அதற்கு மேலோ ஓடும்.

சோலினாய்டில் இரண்டு சுருள்கள் உண்டு: ஒன்று இழுக்க, ஒன்று பிடித்து வைத்திருக்க. ‘டக்டக்டக்டக்’ என்று தொடர்ந்து அடிப்பதன் காரணம் இதில்தான் இருக்கிறது. பலவீனமான பேட்டரி தண்டை இழுத்துவிடும். தகடு தொட்டதும் மோட்டார் கரண்டை உறிஞ்ச, வோல்டேஜ் தரைக்கு இறங்கும், பிடிக்கும் சுருள் பிடியை விடும். தகடு விலகியதும் வோல்டேஜ் மீளும், மறுபடி இழுக்கும். ஆக, தொடர் ‘டக்டக்’ என்றால் பெரும்பாலும் மோட்டார் குற்றவாளி அல்ல, பேட்டரியோ டெர்மினலோதான்.

(நம்மூரில் மோட்டாருக்கே ‘செல்ஃப்’ என்று பெயர் நின்றது ‘செல்ஃப் ஸ்டார்ட்டர்’ என்பதன் மிச்சம். 1912 மாடல் கேடிலாக் காரில் சார்லஸ் கெட்டரிங்கின் எலக்ட்ரிக் ஸ்டார்ட்டர் வருவதற்கு முன் பொதுவாகக் கையால் ஹேண்டில் அடித்துத்தான் கிளப்பினார்கள். அம்பாசடரில் செல்ஃப் இருந்தும் ஹேண்டிலும் கூடவே வந்தது.)

முதல் சோதனை: ஹெட்லைட்

ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு சாவியைத் திருப்பி, வெளிச்சத்தைப் பாருங்கள்.

வெளிச்சம் செத்துப்போனால்: பேட்டரி இறங்கியிருக்கிறது, டெர்மினல் பிடிப்பு சரியில்லை, அல்லது மோட்டாரோ இன்ஜினோ இறுகி நிற்கிறது.

வெளிச்சம் மாறவே இல்லை, சத்தமும் இல்லை என்றால்: 50-க்குக் கரண்ட் வரவில்லை. பார்க்க வேண்டியவை: ரிலே, ஃபியூஸ், இக்னிஷன் சுவிட்ச், கிளட்ச் பெடல் சுவிட்ச், ஆட்டோமேட்டிக் கார் என்றால் நியூட்ரல் சுவிட்ச். டாஷ்போர்டில் சாவி விளக்கு மின்னிக்கொண்டிருந்தால் இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் காரைக் கிளப்பவிடாத திருட்டுத் தடுப்பு) தடுக்கலாம்.

வெளிச்சம் அப்படியே இருக்க ஒரே ஒரு ‘டக்’ என்றால்: சோலினாய்டு வேலை செய்கிறது, மோட்டாருக்குக் கரண்ட் போகவில்லை. செம்புத் தகடு கருகியிருக்கலாம், மோட்டாரின் சுற்றும் பகுதிக்குக் கரண்டைக் கடத்தும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம்.

மோட்டார் ‘ஙீய்ய்’ என்று சுற்றுகிறது, இன்ஜின் அசையவில்லை என்றால் பென்டிக்ஸின் ஒருவழி கிளட்ச் வழுக்குகிறது.

ஒரு எச்சரிக்கை

வெள்ளத்தில் நின்ற கார், அல்லது தேங்கிய தண்ணீரில் ஓட்டும்போது நின்றுபோன கார் என்றால் சாவியைத் தொடாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் பிஸ்டன் அதை அழுத்த முடியாது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஒவ்வொரு சென்னை வெள்ளத்துக்குப் பிறகும் பணிமனைகளில் நிற்கும் கார்களில் இந்தக் கதை உண்டு. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்து, இன்ஜினைக் கையால் சுற்றிப் பார்த்த பிறகுதான் அடுத்த வேலை.

மீட்டர் சொல்வது

கார் சில மணி நேரம் நின்ற பிறகு பேட்டரியை அளந்தால் 12.6 வோல்ட் முழு சார்ஜ், 12.2 பாதி, 12.0 என்றால் கிட்டத்தட்ட காலி. 12.4-க்குக் கீழே இருந்தால் முதலில் சார்ஜ் ஏற்றுங்கள். காலி பேட்டரியை வைத்துக்கொண்டு செய்யும் சோதனை எதற்கும் உதவாது.

அடுத்து ஃபியூல் பம்ப் ஃபியூஸை எடுத்துவிடுங்கள். இன்ஜின் சுற்றும், ஸ்டார்ட் ஆகாது. காரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட்பிரேக் போட்டு, ஒருவரை உள்ளே உட்காரவைத்து சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். ஒரு தடவைக்கு 5 வினாடி, நடுவில் அரை நிமிடம் ஓய்வு. சுற்றும்போது பேட்டரியில் 9.6 வோல்ட்டுக்கு மேல் நிற்க வேண்டும்.

இனி முக்கியமானது. மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, சிவப்பு முனையை பேட்டரியின் பாசிட்டிவ் ஈயக் குமிழில் வையுங்கள். மேலே மாட்டிய கிளாம்ப்பில் அல்ல, குமிழிலேயே. கறுப்பு முனை சோலினாய்டின் 30 ஸ்டட்டில் (நட்டு ஏறும் மரையுள்ள முனை). சாவியைத் திருப்பும்போது 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்தப் பாதையில் தடை இருக்கிறது. அதேபோல் பேட்டரி நெகட்டிவ் குமிழுக்கும் மோட்டார் உடம்புக்கும் இடையே அளந்தால் 0.3-க்குள் இருக்க வேண்டும்.

இதை ஓம் அளவில் பிடிக்க முடியாது. 100 ஆம்பியர் ஓடும் ஒயரில் 0.02 ஓம் தடை இருந்தால் 2 வோல்ட் அங்கேயே போய்விடும். சாதாரண மீட்டர் 0.02 ஓமைச் சரியாகக் காட்டாது, ‘கன்டின்யூட்டி இருக்கு’ என்று பீப் அடித்துவிட்டு நிற்கும். ஒயருக்குள் பத்து இழையில் ஒன்று மட்டும் மிஞ்சியிருந்தாலும் பீப் அடிக்கும்.

எர்த் பக்கம் அதிகம் காட்டினால் கியர் பாக்ஸிலோ பாடியிலோ ஏறும் எர்த் ஒயரின் போல்ட்டைக் கழற்றிப் பாருங்கள். மேலிருந்து பார்த்தால் சுத்தமாகத்தான் தெரியும். லக்கை (ஒயர் நுனியில் இருக்கும் உலோக வளையம்) திருப்பினால் அடியில் பச்சைப் பொடி பூத்திருக்கும், கடலோர ஊர்களில் இன்னும் சீக்கிரம். எமரி பேப்பரால் இரண்டு முகத்தையும் பளபளக்கத் தேய்த்து இறுக்கினால், பல கார்களில் வேலை இங்கேயே முடிந்துவிடும்.

அளவு சரியாக இருந்தும் சுற்றவில்லை என்றால், சாவி திருப்பிய நிலையில் 50-ஐ அளக்கவும். பேட்டரி வோல்டேஜுக்குக் கிட்டத்தட்ட சமமாக வர வேண்டும். வரவில்லையென்றால் மேலே சொன்ன ரிலே, சுவிட்ச் பக்கம் போங்கள். 50-க்கு வருகிறது, ‘டக்’ கேட்கிறது, மோட்டார் முனையில் வோல்ட் இல்லை என்றால் தகடு கருகிவிட்டது. மோட்டார் முனையிலும் 12 வோல்ட் இருக்கிறது, ஆனால் சுற்றவில்லை என்றால் பிரஷ் அல்லது ஆர்மேச்சர் (மோட்டாருக்குள் சுற்றும் சுருள்). சுத்தியல் பிடியால் மோட்டார் உடம்பில் மெதுவாகத் தட்டியதும் ஒரு தடவை எடுத்தால் பிரஷ் என்பது ஏறக்குறைய உறுதி. தட்டிக்கொண்டே ஓட்டலாம் என்று நினைக்காதீர்கள், சில நாளில் அதுவும் கேட்காது. ஸ்க்ரூடிரைவரால் 30-ஐயும் 50-ஐயும் முட்டவைத்துப் பார்க்கும் பழக்கமும் வேண்டாம். கியரில் இருந்தால் கார் உங்கள் மேல் ஏறும்.

கழற்றுவது

வேண்டியவை: 10, 12, 14 மி.மீ. சாக்கெட், நீள எக்ஸ்டென்ஷன், ராட்செட், ஒயர் பிரஷ், எமரி, டார்ச். கீழேயிருந்து கழற்றும் கார் என்றால் ஜாக்கியோடு இரண்டு ஸ்டாண்டு. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள்.

1. இன்ஜின் ஆறட்டும். சமதளம், ஹேண்ட்பிரேக், பின்சக்கரத்துக்குக் கட்டை.

2. நெகட்டிவ் டெர்மினலை முதலில் கழற்றி ஓரமாக ஒதுக்குங்கள். 30-க்கு வரும் ஒயரில் பல கார்களில் ஃபியூஸ் கிடையாது. நெகட்டிவ் மாட்டியிருக்கும்போது அந்த நட்டில் வைத்த ஸ்பானர் பாடியைத் தொட்டால், ஸ்பானர் ஒட்டிக்கொண்டு சிவக்கும்.

3. தடித்த ஒயரைப் பின்தொடர்ந்தால், இன்ஜினும் கியர் பாக்ஸும் சேரும் இடத்தில் மோட்டார் இருக்கும். சிலவற்றில் ஏர் ஃபில்டர் பெட்டியை எடுத்தால் மேலிருந்தே கை எட்டும். கழற்றும் முன் ஒயர்கள் போகும் பாதையை போனில் படம் எடுங்கள்.

4. ரப்பர் மூடியை விலக்கி 30-இன் நட்டைக் கழற்றுங்கள். நட்டோடு ஸ்டட்டும் சேர்ந்து சுற்றினால் நிறுத்துங்கள், இல்லாவிட்டால் பிளாஸ்டிக் மூடி வெடித்துவிடும். கொஞ்சம் துரு நீக்கும் எண்ணெய் விட்டு, பொறுத்துச் செய்யுங்கள். 50-இன் பிளக்கை லாக்கை அமுக்கிய பிறகு இழுக்க வேண்டும், ஒயரைப் பிடித்து அல்ல.

5. பெரும்பாலும் இரண்டு போல்ட்தான். நீளம் வேறாக இருக்கலாம், எது எங்கே என்று குறித்துக்கொள்ளுங்கள். கடைசி போல்ட்டைக் கழற்றும்போது ஒரு கை மோட்டாரைத் தாங்கட்டும்; எடை சில கிலோ, முகத்துக்கு நேராக விழும்.

மோட்டார் வெளியே வந்ததும் அந்த ஓட்டை வழியாக டார்ச் அடித்து ஃபிளைவீல் பல்லைப் பாருங்கள். இன்ஜினைக் கையால் மெல்லச் சுற்றி முழு வட்டத்தையும் பார்க்க வேண்டும். காரணம், நிறுத்தும்போது இன்ஜின் எப்போதும் குறிப்பிட்ட சில இடங்களில்தான் நிற்கும்: நான்கு சிலிண்டரில் இரண்டு இடம், மூன்று சிலிண்டரில் மூன்று இடம். பல் தேய்வதும் அங்கேதான். பல் உடைந்திருந்தால் புது மோட்டார் போட்டும் ‘கரகர’ நிற்காது. மோட்டார் எண்ணெயில் குளித்திருந்தால் இன்ஜின் லீக்கை முதலில் அடைக்க வேண்டும், எண்ணெய் ஊறிய பிரஷ் புதுசானாலும் நிலைக்காது.

பழுது பார்ப்பதா, புதிது வாங்குவதா

பிரஷ், சோலினாய்டு, புஷ் (தண்டைத் தாங்கும் வளையம்) மட்டும் என்றால் நல்ல ஆட்டோ எலக்ட்ரீசியனிடம் கொடுத்துச் சரிசெய்வதே லாபம். பிரஷ் புதிதின் பாதி நீளத்துக்குக் குறைந்திருந்தால் மாற்ற வேண்டும். ஆர்மேச்சர் எரிந்த வாடை அடித்தாலோ காம்யூட்டேட்டர் (பிரஷ் உரசும் செம்பு வளையம்) குழி விழுந்திருந்தாலோ புதிது வாங்குங்கள். பெட்டியில் கம்பெனிப் பெயரே இல்லாத மலிவுச் சரக்கை விட, ஒரிஜினல் மோட்டாரைப் பழுதுபார்த்துப் போடுவது மேல்.

பென்டிக்ஸை பெட்ரோலில் ஊறவைத்துக் கழுவுவது பரவலாக நடக்கும் தவறு. ஒருவழி கிளட்ச்சுக்குள் அடைத்து வைத்த கிரீஸ் கரைந்து வெளியேறிவிடும், அடுத்து அதுவே வழுக்கும். துணியால் துடைத்தால் போதும். பென்டிக்ஸ் நகரும் தண்டில் கிரீஸை அப்புவதும் கூடாது. கிளட்ச் தூசியோடு சேர்ந்து பசையாகி பென்டிக்ஸ் சிக்கிக்கொள்ளும்.

மாட்டுவது

பழையதையும் புதியதையும் பக்கத்தில் வையுங்கள். பல் எண்ணிக்கை, போல்ட் ஓட்டை, மூக்கின் நீளம், முனைகள் பார்க்கும் திசை எல்லாம் ஒத்திருக்க வேண்டும். ஒரு பல் வேறுபட்டாலும் திருப்பிக் கொடுங்கள்.

காரில் ஏற்றும் முன் வைஸில் இறுக்கி ஜம்பர் கேபிளால் சோதியுங்கள்: நெகட்டிவ் உடம்பில், பாசிட்டிவ் 30-இல், அங்கிருந்து ஒரு சின்ன ஒயரால் 50-ஐத் தொடுங்கள். பல்சக்கரம் துள்ளி வெளியே வந்து சுற்ற வேண்டும். 3 வினாடி போதும். தரையில் சும்மா வைத்துச் செய்தால் மோட்டார் உதைத்து உருளும்.

மோட்டார் உட்காரும் முகத்தில் பெயின்ட், துரு, பழைய எண்ணெய் எதுவும் இருக்கக்கூடாது. எர்த் இந்த முகம் வழியாகத்தான் போகிறது. இரண்டு போல்ட்டையும் முதலில் கையால் ஏற்றி, மோட்டார் ஒட்டி உட்கார்ந்த பிறகு மாறி மாறி இறுக்குங்கள். கோணலாக இருக்கும்போதே போல்ட்டால் இழுத்து உட்காரவைத்தால் போல்ட் ஏறும் காது உடையும். இறுக்கும் அளவுக்கு உங்கள் காரின் கையேட்டைப் பாருங்கள். 30-இன் நட்டுக்குக் கொஞ்சம் பலம் போதும், ஸ்டட் செம்பு. ரப்பர் மூடியை மறக்காமல் போடுங்கள். நெகட்டிவ் டெர்மினல் கடைசியில்.

ஃபியூல் பம்ப் ஃபியூஸைப் போடும் முன், முன்பு எடுத்த மூன்று அளவுகளையும் மறுபடி எடுத்துப் பாருங்கள். இன்ஜின் ஸ்டார்ட் ஆனதும் ‘கரகர’ என்று கத்தினால் மோட்டார் சரியாக உட்காரவில்லை, அல்லது அடியில் இருந்த மெல்லிய தகடு விடுபட்டிருக்கிறது. சாவியை விட்ட பிறகும் மோட்டார் சுற்றிக்கொண்டே இருந்தால் யோசிக்காமல் நெகட்டிவ்வைப் பிடுங்குங்கள், பத்து மி.மீ. ஸ்பானர் அதுவரை கையிலேயே இருக்கட்டும். சோலினாய்டின் செம்புத் தகடு ஒட்டிக்கொண்டிருக்கும், அல்லது இக்னிஷன் சுவிட்ச் திரும்பி வரவில்லை. இரண்டு மூன்று நாள் ஓட்டிய பிறகு, நெகட்டிவ்வைக் கழற்றிவிட்டு 30-இன் நட்டில் ஒருமுறை ஸ்பானர் வைத்துப் பாருங்கள். புது லக் அமுங்கி நட்டு தளர்ந்திருந்தால் அப்போது தெரியும்.