ஓயா கல்லும் அதைப் பற்றிய தவறான எண்ணங்களும்

ஜப்பானில் கட்டடங்களுக்குப் பயன்படும் ஓயா கல்லைப் பற்றி எழுதுகிறவர்கள் இம்பீரியல் ஹோட்டலைத் தொடாமல் விடுவதில்லை. அமெரிக்கக் கட்டடக் கலைஞர் பிராங்க் லாயிட் ரைட் வடிவமைத்த அந்த டோக்கியோ ஹோட்டலுக்கு 1923 செப்டம்பர் 1 அன்று திறப்பு விழா. அன்றுதான் கான்டோ பெருநிலநடுக்கம். நகரம் இடிந்து எரிந்தது, ஹோட்டல் நின்றது. உடனே, "கல்லின் உறுதியே உறுதி" என்று முடித்துவிடுகிறார்கள்.

முதல் தவறு அதுதான். பாரத்தைச் சுமந்தவை கான்கிரீட்டும் செங்கல்லும். ஓயா கல்லின் வேலை பெரும்பாலும் அலங்காரம். ஹோட்டலுக்கும் சேதம் உண்டு. டோக்கியோவில் தப்பிய கட்டடம் அது ஒன்றே அல்ல. ரைட்டுக்கு இந்தக் கல் பிடித்துப்போனது, உளிக்கு எளிதாக வளைந்துகொடுத்ததால். அவர் கேட்ட நுணுக்கமான கோண வடிவங்களைக் கருங்கல்லில் செதுக்குவதென்றால் சிற்பிகள் படாதபாடு பட்டிருப்பார்கள்.

ஓயா கல் உறைந்த எரிமலைக் குழம்பும் அல்ல. சுமார் 1.5 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைகள் கக்கிய சாம்பலும் நுரைக்கல் துண்டுகளும் கடலடியில் படிந்து இறுகிய கல். தொச்சிகி மாகாணத்தின் உத்சுனோமியா நகரில் உள்ள ஓயா பகுதியில் கிடைக்கிறது. வெட்டிய புதிதில் இளம்பச்சை, காயக்காய வெளிர்நிறம்.

கல்லின் மேற்பரப்பில் ஆங்காங்கே பழுப்புத் திட்டுகள் தெரியும். ஊர்க்காரர்கள் அவற்றை 'மிசோ' (ஜப்பானியச் சோயா விழுதின் பெயர்) என்பார்கள். களிமண்ணாக மாறிய அந்தப் பகுதி நாளடைவில் உதிர்ந்து குழியாகும். அதைப் பார்த்துச் சொத்தைக் கல் என்று ஒதுக்க வேண்டாம். கல்லின் இயல்பே அது. எனக்கென்னவோ குழி இல்லாத ஓயா சுவர் மொட்டையாகத்தான் தெரிகிறது.

நெருப்புக்கு அஞ்சாத கல் என்பது உண்மை. உத்சுனோமியா வட்டாரத்தில் சேமிப்புக் கிடங்குகளை இதில் கட்டியதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் தண்ணீர் விஷயத்தில் நிலைமை வேறு. கல் ஈரத்தை உறிஞ்சும். உலரும்போது உள்ளிருக்கும் உப்பு மேற்பரப்பை ஒட்டிப் படிகமாகி, கல்லைச் செதில் செதிலாக உரிக்கும். மண்ணைத் தொடும் அடிவரிசையில்தான் இது முதலில் தென்படும். பதறிப்போய் அதன்மேல் சிமென்ட் பூசிவிட்டால் ஈரம் வெளியேற வழியின்றிப் போய், உரிதல் உள்ளே தொடரும். முதலில் பார்க்க வேண்டியது நீர் எங்கிருந்து ஏறுகிறது என்பதை. இம்பீரியல் ஹோட்டல் 1960-களின் இறுதியில் இடிக்கப்பட்டு, முகப்பு மட்டும் ஐச்சி மாகாணத்தின் மெய்ஜி முரா திறந்தவெளி அருங்காட்சியகத்துக்குப் போனபோதும், சிதைந்த பழைய கற்கள் பலவற்றுக்குப் பதிலாகப் புதுப்பொருளைத்தான் வைக்க வேண்டியிருந்தது.

கடைசியாக, ஓயாவின் நிலத்தடி மண்டபங்களை இயற்கைக் குகை என்று எழுதாதீர்கள். இன்று அருங்காட்சியகமாக உள்ள குவாரி 1919 முதல் 1986 வரை மனிதர் வெட்டியது. இயந்திரங்கள் வருவதற்கு முன் எல்லாம் பிக்காசு வேலை. அந்தக் கொத்தல் தடங்கள் சுவரில் இன்னும் வரிவரியாக இருக்கின்றன. பார்க்கப் போகிறவர்கள் கோடையானாலும் ஸ்வெட்டர் எடுத்துச் செல்லுங்கள், உள்ளே நன்றாகக் குளிரும்.